தலைச்சன் நோன்பு

சிமிர்னா
ஆதார் மாதம், பத்தாம் நாள்

அண்ணன் யுஸ்துவுக்குத் தங்கை அம்மியா எழுதுவது.

போன பஸ்காவுக்குப் பிறகு நாம் பேசவில்லை. பதினொரு மாதம் ஆகப் போகிறது. நீதான் முதலில் எழுதுவாய் என்று காத்திருந்தேன். அப்பாவின் வீம்பு உனக்கு, எழுதுவாயா? சரி, தோற்றது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

சண்டையைக் கிளற எழுதவில்லை. ஒரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருஷம் பஸ்கா நாள், நிசான் பதினாலு, எப்போது வருகிறது? இயேசுவை நம்பும் எங்கள் சபையில் ஐம்பது பேர் இருக்கிறோம். நீங்கள் பஸ்கா விருந்து உண்ணும் அதே இரவில்தான் நாங்கள் உபவாசம் இருந்து, சேவல் கூவியதும் அப்பம் பிட்டு முடிப்போம். ரோமாபுரியில் எங்கள் ஆட்கள் வேறு நாள் வைத்துக்கொள்கிறார்களாம். எங்கள் மூப்பர் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். "இயேசு ஒரு யூதர். அவரோட பஸ்காவை யூதங்ககிட்ட கேக்காம வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்பார். யூதப் பெண்ணாகப் பிறந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். ஆகவே கேட்கிற வேலை ஐந்து வருஷமாக என் தலையில். இங்கே ஜெப ஆலயத்தில் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். கலிலேயாவிலிருந்து வரும் மாதக் கணக்குக் கடிதத்தைச் சர்தையில் நீதானே சபைக்கு வாசிக்கிறாய். உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

அன்று உன் வீட்டுப் பந்தியில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது தப்பாகவே இருக்கட்டும். சிப்போராள் அண்ணி மூன்று நாள் பாடுபட்டுச் சமைத்ததை நான் தொடவில்லை. ஏன் என்று கேட்டாய். "உங்களுக்காகத்தான் நோன்பு இருக்கேன் அண்ணா" என்றேன். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லியிருந்தால் கஷாயம் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னேன், வாசல் கிடைத்தது.

வேறு ஒரு செய்தியும் உண்டு. நீ பதில் எழுதுகிற விதத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்கிறேன்.

அம்மியா


சர்தை
ஆதார், பதினேழாம் நாள்

அம்மியாவுக்கு.

கம்பளி வியாபாரி உன் கடிதத்தைக் கொடுத்தார். கண்ணாடிச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, கடையில் நிற்க இடமில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

நம் முன்னோர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து வருஷத்தில் ஒரு ராத்திரி பாடிக் குடித்துச் சந்தோஷமாக இருக்கிறோம். அந்த ராத்திரி என் கூடப் பிறந்தவள் என் பந்தியிலேயே உட்கார்ந்து எனக்காகத் துக்கம் காக்கிறாள். செத்தவனுக்குத்தான் துக்கம் காப்பார்கள். நான் செத்துவிட்டேனா? என் பிள்ளைகள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அதை நான் எப்படி மறப்பது?

நோன்பைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நான் தலைச்சன். எகிப்தில் தலைச்சன்கள் எல்லாம் செத்த அன்று நம் வீட்டுத் தலைச்சன்கள் தப்பினார்களே, அதற்காகப் பஸ்காவுக்கு முந்தின பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருக்கிறவன். என் நோன்பு இருட்டியதும் விருந்தில் போய் முடியும். உன் மேசியாக்காரர்களின் நோன்பு அடுத்த வீட்டு விருந்தைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

நாள் கேட்டாய். அடுத்த பிறை தெரிந்ததும் பதினாலு எண்ணு. எண்ணத் தெரியும்தானே?

யுஸ்து


சிமிர்னா
இரண்டாம் ஆதார், பத்தொன்பதாம் நாள்

அண்ணா,

நிசான் என்று எழுதத்தான் கை போகிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி பிறை பார்த்து எண்ணினோம். பதின்மூன்றும் பதினாலும் ஐம்பது பேரும் வாயில் எதுவும் வைக்கவில்லை. பதினாலாம் நாள் மத்தியானம் யூதத் தெருவில் மேளமும் பாட்டுமாக ஒரே அமர்க்களம். பஸ்காவுக்கு ஏது மேளம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுத் தொற்காள் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து நின்றாள். ஜெப ஆலயத்து மனிதர்கள் என்னை ஒதுக்கினாலும் அவள் ஒதுக்கியதில்லை.

"என்னடி அம்மியா, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு? நல்ல நாளும் அதுவுமா பட்டினியா? இன்னைக்குப் பூரீம்டி. எடுத்துக்கோ."

"பூரீமா? இன்னைக்குப் பஸ்கா இல்லையா?"

"பஸ்காவுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. கதிர் பழுக்கலைன்னு இந்த வருஷம் ஆதாரை ரெண்டாக்கிட்டாங்களே. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

பஸ்காவுக்கு ஒரு மாதம் முன்னால் வர வேண்டிய பூரீம் சத்தமே போன பௌர்ணமிக்கு அந்தத் தெருவில் கேட்கவில்லை. அப்பா வீட்டில் வளர்ந்த எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உன் கடிதம் கையில் இருந்தது, அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. யூதர்கள் குடித்துக் கூத்தாடுகிற நாளில் நாங்கள் ஐம்பது பேர் துக்கம் காத்திருக்கிறோம். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவே சிரித்தது.

சிரித்துவிட்டுப் போகட்டும். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த செய்தி இதுதான்: அப்போது நான் எட்டு மாதம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பிள்ளை. "புள்ளத்தாச்சிக்கு நோன்பு கெடையாதும்மா" என்று மூப்பர் சொன்னார். நான் கேட்கவில்லை. உன் பந்தியில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வீம்பு. மறுநாள் விடியும்போது வலி எடுத்தது. ஆண்பிள்ளை. ஒரு கையில் அடங்குகிறான். பால் இழுக்கத் தெம்பில்லை. துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். நோன்பினால்தான் முந்திக்கொண்டானா என்று கேட்டால் மருத்துவச்சி உதட்டைப் பிதுக்குகிறாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருக்கிறது.

சபையில் பாதிப் பேர் இனிமேல் யூதர்களிடம் நாள் கேட்கவே வேண்டாம், ரோமாபுரிக்காரர்களின் நாளையே வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். அப்படி ஆனால் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கிற ஒரே நாளும் போய்விடும். பிறகு நான் உனக்கு எதைக் கேட்டு எழுதுவேன்?

என் வீட்டுக்காரர் துரோப்பீமு சாயத் தொட்டியிலிருந்து வந்த கையைக் கூடக் கழுவாமல் சொன்னார்: "உங்கண்ணனுக்குத் தெரிஞ்சேதான் இருக்கும்." என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சண்டை போட்டேன்.

ஒரே கேள்வி. அந்தக் கடிதத்தை எழுதும்போது உனக்குத் தெரியுமா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

அம்மியா


சர்தை
இரண்டாம் ஆதார், இருபத்து நாலாம் நாள்

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். என்னால் ஒரு வார்த்தையோடு நிறுத்த முடியவில்லை. அதற்கு மேல் வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம்.

கலிலேயாக் கடிதத்தை அதற்கு முந்தின ஓய்வுநாளில்தான் சபைக்கு வாசித்தேன். ஆட்டுக்குட்டிகள் இளசாக இருக்கின்றன, கதிர் முற்றவில்லை, ஒரு மாதம் கூட்டியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அது என் பக்கத்திலேயே கிடந்தது. பிறையைப் பார், பதினாலு எண்ணு என்று எழுதிவிட்டு, இதில் ஒரு பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய்தான். பூரீம் அன்று உன் ஆட்கள் பட்டினி கிடப்பார்கள், ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். நினைத்துக் கடையில் தனியாக நின்று சிரித்தேன்.

நீ பிள்ளை உண்டாகியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தெரியாவிட்டாலும் செய்திருக்கக் கூடாது.

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "கூடப் பொறந்தவ நாள் கேட்டா, நீங்க குழி வெட்டிக் கொடுத்திருக்கீங்க. இந்த மனுஷனை நம்பித்தான் ஊரே நாள் கேட்டுக்கிட்டு நிக்குது" என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று நாளாக எனக்குத் தட்டு வைப்பது சின்ன மகள் மீகாள்தான். ஆறு வயதுப் பிள்ளை, பாதியைக் கீழே கொட்டிவிட்டுக் கொண்டுவருகிறாள்.

எனக்குப் பதின்மூன்று வயது ஆகும் வரை என் தலைச்சன் நோன்பை அப்பாதான் இருந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். சின்னப் பிள்ளை பட்டினி கிடக்க முடியாது, அதனால் தகப்பன் இருப்பான். அந்தப் பகலில் அவர் வறண்ட உதட்டோடு கடையில் விலை பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். எனக்காக என்று தெரியும். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். எனக்காக ஒருவர் பட்டினி கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நீ எனக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்றதும் எனக்கு ஏன் சாவு வீடு ஞாபகம் வந்தது? மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அம்மியா.

உன் மகன் தலைச்சன். தாயின் வயிற்றிலிருந்து முதலில் வந்த ஆண்பிள்ளை எவனோ அவன் எங்கள் கணக்கில் தலைச்சன், அப்பன் யாராக இருந்தால் என்ன. எட்டாம் நாள் விருத்தசேதனம் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. ஆனால் அவனுக்காக இந்தப் பதினாலாம் நாள் நான் நோன்பு இருக்கிறேன். சரியான நாள் இன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள். தப்பு உன்னுடையதல்ல என்று உன் மூப்பரிடம் சொல். நானே வந்து அவர்கள் முன்னால் நின்று சொல்லவும் தயார். துரோப்பீமு அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

யுஸ்து


சிமிர்னா
இரண்டாம் ஆதார், இருபத்தெட்டாம் நாள்

அண்ணா,

முதல் வார்த்தையைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தது துரோப்பீமுதான். உன் மேல் உள்ள அன்பினால் அல்ல. "இருக்கட்டும், சாட்சி வேணும்" என்றார். அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சபையில் ஐம்பது பேர் நடுவில் வாசித்தார்.

வாசித்து முடித்தார். பிறகு ஒரு கிழட்டு நெசவாளி வாய்விட்டுச் சிரித்தார். "ஆள் கெட்டிக்காரன்தான்யா. ஒரு பிறையைக் காட்டி ஐம்பது வயித்தைக் காயப் போட்டுட்டான். நானா இருந்தா ஒத்துக்கிட்டு எழுதியிருக்க மாட்டேன்." அவர் சிரித்ததும் இன்னும் சிலர் சிரித்தார்கள். நீ ஒளிக்காமல் எழுதியது உனக்குக் கொஞ்சம் தயவு சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் சரியான நாளில் மறுபடி நோன்பு இருப்பதா என்று பேச்சு வந்ததும் துரோப்பீமு எழுந்துவிட்டார். "எம்பொண்டாட்டி இருந்து பட்டது போதும். இனிமே அந்த ஆள் காட்டற நாள்ல ஒரு வாய் கூடக் குறைக்க மாட்டேன். நமக்கு ரோமாபுரி நாளே போதும்." பாதிப் பேர் தலையாட்டினார்கள். மூப்பர் எதுவும் தீர்மானிக்கவில்லை. அந்த நாள் வரட்டும், பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களில் சிலர் உங்களுக்காக உபவாசம் இருப்பதை மூக்கை உயர்த்திக்கொண்டுதான் சொல்கிறார்கள், கெட்டுப்போனவர்களுக்கு இரங்குகிற மாதிரி. அந்த வாடை என் பேச்சிலும் அடித்திருக்கும். உனக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் இந்த நோன்பு எங்கிருந்து வந்தது? பஸ்கா அன்று சாயங்காலம் அம்மா நம்மை ஒரு வாய் தொட விடமாட்டாள், புளிப்பில்லாத அப்பத்தைப் பசியோடு சாப்பிட வேண்டும் என்பதற்காக. அந்தப் பசியைத்தான் நாங்கள் சேவல் கூவும் வரை நீட்டியிருக்கிறோம். அன்று ஜெபத்தில் "எங்கள் சகோதரருக்காக" என்று ஒரு வார்த்தை வரும். மற்றவர்களுக்கு அது வார்த்தை. எனக்கு உன் முகம்.

உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அது இருக்கும். ஆனாலும் நோன்பு இரு அண்ணா. பிள்ளை அழுகிற சத்தம் அடுத்த அறைக்குக் கூடக் கேட்பதில்லை.

அம்மியா


சர்தை
நிசான், மூன்றாம் நாள்

அம்மியா,

கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. கடிதத்தைக் கசக்காமல் முழுவதும் வாசி.

எங்கள் ஆலயத்தில் நியாயப்பிரமாணம் தெரிந்த பெரியவரிடம் போய், என் நோன்போடு சேர்த்து இன்னொரு தலைச்சனுக்கும் நானே இருக்கலாமா என்று கேட்டேன். அவர் வேலையிலிருந்து தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "ஒரு வயித்துல ஒரு நோன்புதான் கொள்ளும். நீ உன் தலைக்கு இரு. பச்சப் புள்ளைக்கு அவனைப் பெத்தவன் இருக்கணும். அவன் உசிரோட இருக்கான்ல?" என்றார். இருக்கிறான் என்றேன். அவன் நம் ஆள் இல்லை என்பதைச் சொல்லவில்லை. மறுபடியும் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்தத் தடவை உன் பிள்ளைக்காக.

இனி வருவது துரோப்பீமுவுக்கு. அவரிடம் கொடு.

மாப்பிள்ளை, நான் காட்டுகிற நாளில் ஒரு வாய் கூடக் குறைக்க மாட்டேன் என்றீர்களாம். நான் செய்ததற்கு அது குறைவான தண்டனை. எனக்காக இருக்க வேண்டாம். யூதர்களுக்காக இருக்க வேண்டாம். அந்த ஒரு பகல் உங்கள் மகனுக்காக இருங்கள். இருந்தால் பிழைத்துவிடுவான் என்று சத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. எங்கள் வீட்டில் தகப்பன்மார் இப்படித்தான் செய்தார்கள். என் அப்பா மத்தத்தியா எனக்காகப் பதின்மூன்று வருஷம் இருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

யுஸ்து


சிமிர்னா
நிசான், பதினாறாம் நாள்

அண்ணா,

உன் கடிதத்தைத் துரோப்பீமு இரண்டு தடவை வாசித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டார். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்றுவிடுவாரோ என்று பயம்.

பதினாலாம் நாள் காலையில் நான் வைத்த அப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். மத்தியானம் அந்த நெசவாளி தொட்டிப் பக்கம் போயிருக்கிறார். வழக்கம் போல இவருடைய ஒலிவப்பழத்தில் பங்கு போட.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல. நான் சாப்பிடலை."

"யூதன் காட்டற நாள்ல கெடக்க மாட்டேன்னு குதிச்சே?"

"இது எம்புள்ளையோட நாள்."

அதற்குப் பிறகு நெசவாளியும் சாப்பிடவில்லை. அவர் வாய் சும்மா இருக்காது, சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருட்டும்போது எங்கள் மாடியில் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். "ஒரே வருஷத்துல ரெண்டு தடவை. இடுப்புல துணி நிக்க மாட்டேங்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே நெசவாளி முதல் ஆளாக உட்கார்ந்தார். மூப்பர் கடைசியில் வந்தார். அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. ரோமாபுரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாள் அப்படியே இருக்கும்.

எதிர்வீட்டில் தொற்காள் குடும்பம் பாடுவது கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஜெபத்தில் "எங்கள் சகோதரருக்காக" என்ற வார்த்தை வந்தபோது நான் பக்கத்தில் பார்த்தேன். துரோப்பீமு உதடு அசைந்தது. அவரும் சொன்னார் அண்ணா.

பிள்ளை நான்கு நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கத் தொடங்கியிருந்தான். அதனால் நான் அதிசயம் என்று கதை கட்டமாட்டேன். ஆனால் சேவல் கூவி நாங்கள் அப்பத்தைக் கையில் எடுத்தபோது அவன் அழுதான். மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதான். மடியில் போட்டதும் தானாகவே பற்றிக்கொண்டு வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். எல்லோரும் அப்பத்தை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுதேன். மருத்துவச்சி இன்று வந்து பார்த்துவிட்டு, இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பெயர் வைத்தாகிவிட்டது. மத்தத்தியா. நான் கேட்கவில்லை, துரோப்பீமு தானாகச் சொன்னார். கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

"மச்சான், கோபம் முழுசாப் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்துல நிக்கும்போது தலை சுத்திச்சு. உங்கப்பா இதைப் பதிமூணு வருஷம் செஞ்சாருன்னு நெனைச்சுக்கிட்டேன். அடுத்த வருஷம் நாள் கேட்டுக் கடுதாசி வராது. நானே புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து கேக்கறேன். மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

உன் வீட்டில் அன்று எப்படி இருந்தது என்று எழுது. அண்ணி பேசுகிறாளா?

அம்மியா


சர்தை
நிசான், இருபத்து மூன்றாம் நாள்

அம்மியா,

பண்டிகை முடிந்து கடை திறந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றைக்கு முன்தினம் வந்தது. சிப்போராள் பிடுங்கி வாசித்தாள். "மத்தத்தியா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "மாமா பேரு. நீங்க பண்ணினதுக்கு இது உங்களுக்குத் தகாது" என்றாள். ஒரு மாதம் கழித்து என்னிடம் நேராகப் பேசியது அதுதான். துரோப்பீமுவிடம் சொல், முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். வாசலிலேயே காத்திருப்பேன்.

அன்று இங்கே எப்படி இருந்தது என்று கேட்டாய். பகல் முழுக்க நோன்பு இருந்தேன். இருட்டியதும் பந்தியில் உட்கார்ந்தோம். முதல் கோப்பை குடித்தேன். அப்பத்தைக் கையில் எடுத்தேன், வாய்க்குப் போகவில்லை. நீங்கள் எல்லோரும் மறுபடி பட்டினியாக உட்கார்ந்திருப்பீர்களா, பிள்ளை இருக்கிறானா என்று எதுவும் தெரியாது. இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி என்று பிள்ளைகள் வழக்கப்படி கேள்வி கேட்கிற நேரம் வந்தது. மீகாளுக்கு ஒரு மாதமாகக் கேள்விகளைச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தோம். அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"அப்பா, இந்த ராத்திரி மட்டும் அத்தை ஏன் சாப்பிட மாட்டாங்க?"

போன வருஷமே அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. நான் கத்திய கத்தலில் கேட்கப் பயந்திருக்கிறாள்.

"அவங்க நோன்பு இருக்காங்கடா."

"யாருக்காக?"

பந்தியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உன் அண்ணி கூட.

"நமக்காக" என்றேன்.

மீகாள் தன் தட்டைப் பார்த்து யோசித்தாள். "அப்ப நாம?"

அதற்கு என்ன சொல்வது என்று எந்த ரபியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "நாம அவங்களுக்காகச் சாப்பிடறோம்."

அவள் தட்டைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். "அப்படின்னா எனக்கு இன்னும் கொஞ்சம் வைங்கப்பா. அத்தைக்கு ரொம்பப் பசிக்கும்."

யுஸ்து